‘அங்கே உங்களால முடியாது அத்தை!’

முழுப் பரீட்சை முடிகிற வாரத்தில் நம் வீடுகளில் ஒரு மாநாடு நடக்கும். இந்த லீவுக்கு எங்கே போகலாம்? பிள்ளைகள் ஊட்டி என்பார்கள். வீட்டுக்காரர், ‘செலவைப் பார்த்துச் சொல்லு’ என்று பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். கடைசியில் எந்த ஊர், எந்தக் கோயில், எங்கே தங்குவது என்கிற மூன்றும் குடும்பத்தலைவியான உங்கள் தலையில்தான் வந்து விடியும். மூட்டை கட்டுகிற வேலையும் கூடவே வரும், அது வேறு!

‘ரூம் போடுவதில் தர்மம், அதர்மம் என்றெல்லாம் யோசிக்க என்ன இருக்கிறது?’ என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடிப் பக்கம் உள்ளே திரும்பினால் நூம்பல். கூப்பிடு தூரத்தில் திருவேற்காடு கருமாரியம்மன். நூம்பலில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபத்திரண்டு வயதில் மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. ராமேஸ்வரம் போய் தீர்த்தமாட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த நாளிலிருந்து அந்த ஆசைக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. ‘இப்போ ரயிலே நேரா போகுதாமே’ என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுகிறார்.

மருமகள் ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செல்போனும் கையுமாக உட்காருகிறாள். விடுதிகள் வரிசைகட்டி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே நட்சத்திரங்கள், பாராட்டுகள். எல்லாமே ‘கோயிலுக்கு மிக அருகில்’. எந்தக் கோபுரத்துக்கு அருகில் என்று மட்டும் எழுதவில்லை!

அது ஏன் முக்கியம் என்கிறீர்களா? ராமேஸ்வரம் போனவர்களுக்குத் தெரியும். கிழக்கே கடலில் அக்னி தீர்த்தம். அங்கே முழுகி எழுந்து, ஈரப் புடவையோடு கோயிலுக்குள் வந்து, 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். தரை முழுக்க ஈரம். அதில் பிரகாரம் பிரகாரமாக நடை. பிறகு உடை மாற்றிக்கொண்டு ராமநாத சுவாமி தரிசனம். இத்தனையும் முடித்துவிட்டு முழங்கால் வலிக்காரர் ஒருவர் அறைக்குத் திரும்ப வேண்டிய தூரம் இருக்கிறதே, அதை எந்த நட்சத்திரம் சொல்லும்?

ஆக, மருமகளுக்கு முன்னால் இருக்கும் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல. யார் பேச்சை நம்புவது என்பதுதான்.

இந்தக் கேள்வியை நம் பெரியவர்கள் நன்றாகவே யோசித்து வைத்திருக்கிறார்கள். நியாய சாஸ்திரத்தில், ஒரு விஷயத்தை நாம் அறிந்துகொள்ளும் வழிகளைப் பிரமாணம் என்பார்கள். கண்ணால் காண்பது ஒன்று, ஊகித்து அறிவது ஒன்று. நம்பத் தகுந்தவர் சொல்லைக் கேட்டு அறிவதும் ஒரு பிரமாணம். அப்படி நம்பத் தகுந்தவருக்கு ‘ஆப்தர்’ என்று பெயர். யார் ஆப்தர்? கௌதமரின் நியாய சூத்திரத்துக்கு உரை செய்த பாஷ்யகாரர் இரண்டு லட்சணம் சொல்கிறார். சொல்கிற விஷயத்தை அவர் நேராக அறிந்திருக்க வேண்டும். அறிந்தபடியே அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்கிற விருப்பமும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ரிஷியாக இருந்தாலும், நம் மரபில் வந்தவராக இருந்தாலும், மிலேச்சராகவே இருந்தாலும் இந்த லட்சணம் பொது என்று ஒரு போடும் போடுகிறார். குலம், கோத்திரம், பட்டம், பதவி எதையும் அவர் கேட்கவில்லை!

இந்தத் தராசை எடுத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். டிராவல்ஸ்காரர் நமக்குச் சொல்ல ஆவலாக இருக்கிறார், ஆனால் அந்த அறையில் அவர் ஒரு ராத்திரி படுத்ததில்லை. விடுதி முதலாளிக்கு அறையின் ஒழுகல் வரை தெரியும், ஆனால் தெரிந்தபடி சொல்ல அவருக்கு விருப்பம் இருக்காது. போனில் பாராட்டு எழுதியவர் தங்கினாரா, தங்காமலே காசு வாங்கிக்கொண்டு எழுதினாரா? இது வெறும் சந்தேகம் அல்ல. காசு கொடுத்து எழுதி வாங்கும் பாராட்டுகள் பெருகிப் போனதால்தான், 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே ஒரு தர நிர்ணயத்தை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்பது அதில் ஒரு விதி. ஆனால் கடைப்பிடிப்பது அவரவர் விருப்பம் என்று விட்டிருக்கிறார்கள். திருமலையில் இன்னும் மோசம். தேவஸ்தானத்தின் பெயரிலேயே போலி இணையதளங்களை நடத்தி, அறையும் தரிசனமும் தருவதாக பக்தர்களிடம் பணம் பறித்தவர்கள் மீது 2023-ல் புகார், வழக்கு என்று போனது. ஏழுமலையான் பெயரைச் சொன்னால் நாம் உடனே நம்பிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதுபோன்ற பத்திரிகைகளில் வரும் ‘தங்கும் வசதி உண்டு’ என்கிற ஒற்றை வரியையும் தயங்காமல் இதே தராசில் வையுங்கள். எழுதியவர் அங்கே தங்கினாரா, கேட்டு எழுதினாரா?

தமிழில் வழிகாட்டி நூல் என்பது நேற்று வந்ததல்ல. சங்க இலக்கியத்தின் பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படைகள்தான். ஆற்றுப்படுத்துவது என்றால் வழிப்படுத்துவது. பதினோராம் திருமுறையில் சேர்ந்து இன்றும் பாராயணத்தில் இருக்கிற திருமுருகாற்றுப்படையை உங்களில் பலர் அறிவீர்கள். திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழநி, சுவாமிமலை என்று முருகனிடம் போகும் வழியை நக்கீரர் அதில் காட்டுகிறார். மற்ற நான்கு பாட்டிலும் ஒரே சூழ்நிலை. ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு குடும்பத்தை இழுத்துக்கொண்டு வரும் இன்னொரு கலைஞனைப் பார்த்து, ‘இந்த வழியாகப் போ’ என்று சொல்கிறான். நம் தொண்டை மண்டலத்துக்கே உரிய பாட்டு பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகிற வழி. இடையர் குடியில் என்ன சாப்பாடு கிடைக்கும், உழவர் வீட்டில் என்ன கிடைக்கும், அந்தணர் வீட்டில் என்ன கிடைக்கும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறது.

இந்த வழிகாட்டியை ஆப்தரின் தராசில் வைத்துப் பாருங்கள். அவன் போய் வந்தவன், ஆக அறிந்தவன். தனக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது, எதிரே வருகிறவன் போவதால் அவனுக்கு ஒரு காசு லாபம் இல்லை. இதற்கும் மேலே ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இந்தப் பாட்டுகளில் பாணனோடும் கூத்தனோடும் வரும் பெண்ணான விறலியின் பாதங்களைப் பற்றி ஒரு வர்ணனை திரும்பத் திரும்ப வரும். நடந்து நடந்து சிவந்து போன அந்தப் பாதம், ஓடிக் களைத்த நாயின் நாக்கைப் போல இருக்கிறதாம்! ராஜாவின் அரண்மனையைப் பாட வந்த புலவர்கள், கூட வந்த பெண்ணின் கால் வலியையும் பார்த்திருக்கிறார்கள்.

செங்கத்தை ஆண்ட நன்னனிடம் வழிப்படுத்தும் மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேல். மலைப்பாதையில் எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் வீசும் கவண் கல் எங்கே வந்து விழும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் பக்கத்திலிருக்கும் செடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு கடக்கச் சொல்கிறது. வள்ளலின் பெருமையைப் பாட வந்த பாட்டுதான் அது. அவன் ஊருக்குப் போகிற வழி ஆபத்தானது என்பதை மறைக்கவில்லை. ‘எல்லாம் சூப்பர், கண்ணை மூடிக்கொண்டு போகலாம்’ என்கிற இன்றைய பாராட்டுகளை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்களேன்.

போகிற இடத்தில் தங்குவது எப்படி இருந்தது தெரியுமா? நூம்பலிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால், சாலை முடிகிற இடத்தில் சென்ட்ரல் ரயில் நிலையம். எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம். ரயிலேற வரும் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்காக 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. காசிக்குப் போகிறவர்களுக்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம். தஞ்சை மண்ணில் மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் வைத்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் தன் மனதுக்கு உகந்த முக்தாம்பாள் பெயரில் வைத்த சத்திரம் அதில் பேர்போனது. சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிக்கு சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். படித்தால் நெஞ்சு கசியும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூப்பிடுவார்களாம். வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியம். நிறைமாதமாக வந்தவளுக்கு அங்கேயே பிரசவம் பார்த்து, உடம்பு தேறும் வரை வைத்துக்கொண்டு, பத்தியச் சாப்பாடு. கைக்குழந்தைக்குப் பால்.

நூம்பல்காரர்கள் இதற்கு தஞ்சாவூர் வரை போக வேண்டாம். பக்கத்தில் திருவேற்காடு, மூர்க்க நாயனார் அவதரித்த தலம். அடியாருக்கு அன்னமிட்டே சொத்தெல்லாம் கரைந்து, கடைசியில் சூதாடி வென்ற பணத்தில் அன்னமிட்டவர். அந்தப் பணத்தைத் தன் கையால் தொடாமல் சமைப்பவர்களிடமே கொடுத்துவிட்டு, அடியார்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர். சூதாட்டத்தைப் பெரிய புராணம் ஏன் மன்னித்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே நமக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பந்தி.

சத்திரம் இருந்த காலத்தில் யாத்ரீகர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு வயிறு நிறைந்ததா, கால் நீட்ட இடம் கிடைத்ததா, கர்ப்பிணிக்குப் பத்தியம் உண்டா என்ற கவலையெல்லாம் சத்திரம் வைத்தவருடையது. இன்று நாம் காசு கொடுக்கிறோம், பத்து விடுதியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். விடுதி நடத்துவது வியாபாரம். அதில் தப்பே இல்லை. ஆனால் சத்திரக்காரர் சுமந்த அந்தக் கவலை காற்றில் கரைந்து போய்விடவில்லை. ராத்திரி செல்போனோடு உட்கார்ந்திருக்கிறாளே, அந்த மருமகளின் மடியில் வந்து விழுந்திருக்கிறது. அவள் சொல்வதை நம்பித்தான் மாமியார் ரயிலேறப் போகிறார். அந்த வீட்டுக்கு அவள்தான் ஆப்தர்!

இனிமேல்தான் சங்கடமான இடம். ஆப்தருக்குச் சொன்ன இரண்டு லட்சணத்தையும் நம் பக்கம் திருப்பினால் என்ன ஆகும்?

‘அங்கே உங்களால முடியாது அத்தை. படி ஜாஸ்தி. கூட்டம் வேற.’

இந்த வாக்கியம் ஒலிக்காத வீடு குறைவு. முதல் கேள்வி, நமக்குத் தெரியுமா? நூம்பலிலிருந்து காலையில் கிளம்பினால் போய் வந்துவிடக்கூடிய சோளிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். யோக நரசிம்மரைத் தரிசிக்க 1,305 படி. ‘முடியாது’ என்பது பல வருஷம் நிஜமாகவே இருந்தது, டோலியில் போனவர்களைத் தவிர. 2024 மார்ச்சில் அங்கே ரோப் கார் வந்துவிட்டது. பழநியில் விஞ்ச் வந்து அறுபது வருஷமாகப் போகிறது, ரோப் காரும் 2004 முதல் இருக்கிறது. பராமரிப்புக்காக அவ்வப்போது நிறுத்துவார்கள், ஆகவே கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு முன் போய் வந்த ஞாபகத்தில் ‘முடியாது’ என்று சொல்கிறவர் அறிந்தவர் ஆகமாட்டார்.

இரண்டாவது கேள்வி கடினமானது. தெரிந்தபடி சொல்ல நமக்கு விருப்பம் இருக்கிறதா?

நிஜத்தைப் பேசுவோமே. வருஷம் முழுக்க ஆறு மணி காபியிலிருந்து ராத்திரி மாத்திரை வரை நேரம் பிசகாமல் பார்த்துக்கொள்கிறவளுக்கு, நான்கு நாள் கணவரோடும் பிள்ளைகளோடும் மட்டும் எங்காவது போய்விட்டு வரவேண்டும் என்று தோன்றாதா? தோன்றும். தோன்றுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நான்கு நாளைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஆசையை ஆசையாகச் சொல்லாமல், மாமியாரின் முழங்காலைக் காரணமாகக் காட்டுகிறோமே, அங்கேதான் இடிக்கிறது. ‘என்னாலதான் எல்லாருக்கும் கஷ்டம்’ என்று அவர் தன் காலையே சபித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார். தனக்கு இல்லாத ஒரு இயலாமையைக்கூட நம் வார்த்தையை நம்பி ஏற்றுக்கொள்வார். வயதானவர்கள் இப்படித்தான் ஒவ்வொரு வாசலாகக் கடப்பதை நிறுத்துகிறார்கள்.

‘மனசு நோகாமல் இருக்க ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன? வள்ளுவரே அனுமதித்திருக்கிறாரே’ என்பீர்கள். அனுமதித்தது உண்மைதான். ஆனால் குற்றமில்லாத நன்மை அதனால் விளைய வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். இந்தப் பொய்யில் நன்மை யாருக்கு? நமக்கு. நோவு அவருக்கு. நிபந்தனை முதல் அடியிலேயே தோற்றுவிடுகிறது.

பிறகு என்னதான் சொல்வது? ‘அத்தை, இந்த முறை நாங்க நாலு பேரும் ஊட்டி போயிட்டு வர்றோம். நாத்தனார் வந்து உங்களோட இருப்பாங்க. புரட்டாசிக்குள்ள உங்களை சோளிங்கர் கூட்டிட்டுப் போறேன்.’ சொல்லிப் பாருங்கள். நாக்கு எழாது. முகம் சுண்டும், இரண்டு நாள் வீடு இறுக்கமாக இருக்கும். உண்மைக்கு அந்த விலை உண்டு. புரட்டாசிக்குள் நிஜமாகவே கூட்டிப் போக வேண்டும் என்ற கடனும் சேர்ந்துகொள்ளும். பொய்யில் அந்தக் கடன் இல்லை, அதனால்தான் அது சுலபமாக வருகிறது.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. ‘எல்லா வசதியும் இருக்கு, நீங்க கிளம்புங்க அத்தை’ என்று அழைத்துப் போய், லிஃப்ட் இல்லாத விடுதியில் மூன்றாவது மாடி. மேல்மாடி என்றால் நூற்றைம்பது ரூபாய் குறைவு என்பதால்! பாசத்தோடுதான் அழைத்துப் போனார்கள். அந்த மூன்று நாளும் பெரியவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருப்பார், பாத்ரூமுக்கு எழுந்திருக்கத் தயங்கி. யாரிடமும் சொல்லவும் மாட்டார்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கிச்சன் வசதியோடு அறை’ என்று பார்த்ததும் கை அங்கே போகிறதே, அந்தக் கிச்சனில் நிற்கப் போவது யார்? குக்கரும் மிக்ஸியும் ரயிலேறினால் அது யாருக்கு விடுமுறை? பத்தியச் சாப்பாட்டுக்காகவோ கைக்குழந்தைக்காகவோ என்றால் சரி. இல்லையென்றால், ‘எனக்கென்ன, நான் எங்கேயும் இருப்பேன்’ என்று நீங்கள் சொல்வதும் அறிந்ததை அறிந்தபடி சொல்லாத பேச்சுதான். விறலியின் பாதம் களைத்திருந்ததை மறைக்காமல்தான் பாட்டில் வைத்தார்கள்.

சரி, நூம்பல் மருமகளிடம் திரும்புவோம். ராமேஸ்வரம்தான் என்று முடிவாகிவிட்டது, மாமியாரையும் சேர்த்து ஐந்து டிக்கெட். போனில் நட்சத்திரங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பொறுக்கி எடுத்த நான்கு விடுதிகளுக்கு அவளே பேசட்டும். தரைத்தளத்தில் அறை உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட்டா, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் கம்பி இருக்கிறதா? குளியலறை வாசலில் படி எத்தனை உயரம்? கிழக்குக் கோபுரத்திலிருந்து வாசல் வரை ஆட்டோ வருமா? வழியில் உட்கார ஒரு திண்ணையாவது இருக்கிறதா? ‘எல்லாம் இருக்கும்மா, வாங்க’ என்று மூச்சு விடாமல் சொல்கிறவருக்கு நன்றி சொல்லி வைத்துவிடலாம். ‘படி உயரமா... இருங்கம்மா, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்’ என்று ஒருவர் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போகிற செருப்புச் சத்தம் கேட்டால், அந்த விடுதியிலேயே அறை எடுக்கச் சொல்லுங்கள்.